முறையான வழியில் போன மனு

அவள் காலில் மாவுக்கட்டோடு வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. கால் உடைந்தவளைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்கலாம். நான் பட்டேன். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று, அவளை ஆட்டோவிலிருந்து நாலு பேர் தாங்கி இறக்குவதைப் பார்த்தேன். காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் தக்காளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வண்டிக்கார பையாகூட "க்யா ஹுவா பேட்டா" என்று இந்தியில் விசாரித்துத் தராசைக் கீழே வைத்தார். அவள் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே, எல்லாருக்கும் ஆளுக்கொரு புன்னகையும் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனாள்.

எனக்கும் அப்போது உடம்பு சரியில்லை. அவளுக்கு முன்பே படுத்துவிட்டேன். ஆனால் எனக்கு வந்தது காசநோய். அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் எங்கள் வீடும் அவள் வீடும் எதிரெதிர் பிளாக். அவர்கள் கும்பகோணம் பக்கம், நாங்கள் திருநெல்வேலி. இருவரும் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி, கடைசியில் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே எம்.எஸ்ஸி. தாவரவியல். செய்முறை வகுப்பில் மைக்ராஸ்கோப்கூட எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து அவளைச் சொல்லித்தான் என்னைத் திட்டுவார்கள். "அந்தப் பிள்ளையப் பாரு" என்பது எங்கள் வீட்டில் காலை வணக்கம் மாதிரி.

இரண்டாம் வருடம் தொடங்கிய மழைக்காலத்தில் எனக்கு இருமல் வந்து நிற்காமல், எக்ஸ்ரே எடுத்து, ஆறு மாதம் மாத்திரை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாள் அதைப் பார்த்து நான் கத்திய கத்தலில் அம்மா பூஜையிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். காலனியில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"நெஞ்சுச் சளின்னு சொல்லு, போதும். நாளைக்கு உன்னப் பாக்க யாரும் வரணுமா வேண்டாமா?"

மாப்பிள்ளை வீட்டாரைச் சொன்னாள். அவர்கள் வருவது இருக்கட்டும், என்னைப் பார்க்க வகுப்புத் தோழிகூட ஒருத்தி வரவில்லை. எதிர் பிளாக்குக்கோ கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மெட்ரோவில் அத்தனை தூரம் வந்து, சமோசா வாங்கிக்கொண்டு, அவளுடைய மாவுக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்துவிட்டுப் போனார்கள். சிரிப்புச் சத்தம் எங்கள் ஜன்னல்வரை கேட்கும். அப்புறம் மாலையில் அவளே கட்டையை ஊன்றிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் நின்று, தோழிகளிடம் வாங்கி எனக்காகப் படியெடுத்த பாடக்குறிப்புகளை நீட்டுவாள். எனக்கு நோய் என்னவென்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். அந்தக் குறிப்பைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். கால் உடைந்தவளுக்குக் கையெழுத்து எதற்கு அவ்வளவு அழகாக இருக்க வேண்டும்?

என் அப்பா மத்திய அரசு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். கூப்பிடாமல் மேலதிகாரி அறைக்குள் ஒரு நாளும் போனதில்லை என்பது அவருக்குப் பெருமை. மனு என்றால் அது கீழிருந்து மேலே ஒவ்வொரு மேஜையாகத்தான் போக வேண்டும். என் மருத்துவச் சான்றிதழை நான் படுத்த வாரமே பதிவாளருக்கு எழுதி, 'முறையான வழியில்' என்று மேலே அடிக்கோடு போட்டு, துறைத் தலைவர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். நேராகப் பதிவாளரிடம் ஒரு நகல் அனுப்பினால் என்ன என்று நான் படுக்கையிலிருந்து கேட்டேன்.

"அட்வான்ஸ் காப்பி அனுப்புதது, உம்மள நான் நம்பலன்னு துறைத் தலைவரு மொகத்துல எழுதி ஒட்டுத மாதிரி. அது முறையில்ல பிள்ள."

எதிர் பிளாக் மாமிக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. மகளை ஆட்டோவில் ஏற்றி, மாவுக்கட்டோடு டீன் அம்மையாரின் அறைக்குள் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கே வருகைச் சலுகை கிடைத்தது.

மாத்திரை முடிகிற சமயம், ஜனவரிக் குளிரில், திரும்ப வகுப்புக்குப் போனேன். மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் அவள் கைத்தடியைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். நுரையீரலுக்குக் கைத்தடி கிடையாது. வகுப்பில் பெயர் வாசித்தார்கள். அவள் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து, வெகு இயல்பாக அவளிடம் ஊசியை நீட்டிக்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் போய்க் கேட்டால், குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, என் பெயர் வெட்டப்பட்டுவிட்டது என்றார். அறிவிப்பில்லாமல் நீண்ட நாள் வராததால், நானே படிப்பை விட்டு விலகியதாகக் கருதி என்னை நீக்கிவிட்டார்களாம். மேல்முறையீடு செய்யலாம், மாதக் கடைசிக்குள்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். எனக்கு அப்படி இருந்தது.

அந்த வருடம் மே மாதம் அப்பாவுக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் சில மாதங்களில் அரசாங்க வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிக்குப் போய்விடுவார்கள். என் பெயர் திரும்பச் சேராவிட்டால் நானும் கூடப் போக வேண்டியதுதான். பாதி எம்.எஸ்ஸி.யும் 'நெஞ்சுச் சளி'யுமாகப் போய் அங்கே உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சித்தி ஏற்கெனவே ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா மேல்முறையீட்டை எழுதினார். நல்ல ஆங்கிலம், அதில் குறை சொல்ல முடியாது. மேலே மறுபடியும் அதே வார்த்தை, அதே அடிக்கோடு. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. போன தடவை அந்த வழியில் போனதுதானே எங்கேயோ தொலைந்தது என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஒரு வாரம் பாப்போம். இல்லன்னா ரிமைண்டர் போடுவோம்" என்றார்.

ஒரு வாரம் போயிற்று. ரிமைண்டரும் போயிற்று. துறைத் தலைவர் ஏதோ கருத்தரங்குக்குப் போயிருக்கிறார் என்றார்கள். மாதக் கடைசி நெருங்கியபோது ஒரு மாலை அவள் எங்கள் வீட்டுக்குள் வந்து, அப்பாவுக்கு எதிரிலேயே சோபாவில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், உங்க லெட்டர் டிபார்ட்மென்ட் அலமாரி மேல கிடக்கு. மூணும் ஒண்ணா. கசம் சே, நான் கண்ணால பார்த்தேன். மேல டீ கிளாஸ் வெச்சிருக்கா."

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். பிறகு, "டைரில ஏத்தியிருக்காங்களா?" என்று கேட்டார். தபால் பதிவேட்டில் ஏற்றிய காகிதம் தொலையாது என்பது அவருடைய வேதம். அவள் சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நான் சொன்னால் முறையில்லை, அவள் சொன்னால் சிரிப்பா?

பின்னாலேயே மாமியும் வந்தார். "உங்க அப்பா ரொம்ப சாதுடி. அழற கொழந்தைக்குத்தான் பால். நாளைக்குக் காத்தால நீ இவளோட கெளம்பி நேரா டீனாண்ட போ" என்றார். அப்பா மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் கைத்தடியோடு நின்றாள். கால் சரியாகித் தடியை விட்டு ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"உனக்காகத்தான், பாகல். இது இருந்தா வாசல்ல நிறுத்த மாட்டா."

நிறுத்தவில்லை. காவலாளியே கதவைத் திறந்துவிட்டார். டீன் அம்மையார் அவளைப் பார்த்ததும் கால் எப்படி இருக்கிறது என்று இந்தியில் விசாரித்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். என் கதையை அவள்தான் சொன்னாள், நல்ல இந்தியில், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்தி. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஆனால் டிபி என்ற சொல் வந்ததும் அம்மையார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். எனக்குத் தொற்றாது, மாத்திரை முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

துறைத் தலைவர் அனுப்பாமல் மனுவை எடுத்துக்கொள்ள முடியாது என்றார் அம்மையார். அப்பா சொன்னது சட்டப்படி சரிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவள் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போயிருந்தாள். அம்மையாரின் டீ ஆறுவதற்குள் அலமாரியிலிருந்த காகிதங்களும், கருத்தரங்கு முடிந்து அன்றுதான் வந்திருந்த துறைத் தலைவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். அவர் அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

மேல்முறையீட்டு விசாரணைக்கு அப்பாவும் வர வேண்டியிருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார். சான்றிதழை நேரே கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே என்று டீன் அம்மையார் கேட்டதற்கு, "அது முறையாக இருந்திருக்காது, மேடம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு கணம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, மறுகணம் அதே கையைக் கிள்ளத் தோன்றியது.

பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் தவறிய வகுப்புகளுக்காக ஜூலையில் மறுபடி இரண்டாம் வருடத்தின் தொடக்கத்திலிருந்து, எனக்குப் பின்னால் வந்தவர்களோடு உட்கார வேண்டும். அவள் அந்தக் கோடையிலேயே படிப்பை முடித்தாள். பெங்களூரில் விதை நிறுவனமொன்றில் வேலை கிடைத்தது. காலனி முழுக்க லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன், இரண்டும் கசந்தன.

விடுதியில் இடமில்லை. உடம்பு இப்படியிருக்கத் தனியாக அறையெடுத்துத் தங்க விடமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்போது மாமி சொன்னார், "அவ ரூம் காலியாத்தானே இருக்கு? இவ இங்க இருக்கட்டும்." அம்மா அழுது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது நன்றியால் வந்தது இல்லை. அவளால் கிடைத்த படிப்பை அவள் கட்டிலில் படுத்துப் படிக்க வேண்டும். கண்ணாடி அலமாரிக்குள் அவள் பரிசாக வாங்கிய கோப்பைகளைத் தினமும் காலையில் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் திருநெல்வேலி ரயில்.

போனேன். கோப்பைகள் தலைமாட்டுக்கு வரும்படி மாற்றிப் படுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் மாமிக்குத் தர்மசங்கடம். தினமும் முட்டை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமி வீட்டில் முட்டை என்று வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். முட்டை போட்ட கேக்கை அவள் ஒருமுறை பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து, அது அப்படியே வெளியே போன கதை காலனிக்கே தெரியும். நான் கேண்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். மாமி யோசித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சந்தையிலிருந்து கரண்டில் முட்டை அவிக்கிற சின்னப் பாத்திரம் ஒன்று வாங்கி வந்து, பால்கனியில், துளசித் தொட்டிக்கு எதிர் மூலையில் வைத்தார். காலையில் குளிப்பதற்கு முன்னால் போய், மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, முட்டையை அவரே வேகவைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார். "மருந்துதானேடி இது" என்று எனக்குச் சொல்வதுபோலச் சுவாமிக்குச் சொல்லிக்கொள்வார்.

இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீடியோ அழைப்பில் வந்தபோது, மாமி போனைக் கையில் வைத்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அம்மாவா? எங்கம்மாவா அவிச்சுத் தரா?"

"ம்."

"எனக்கு டைபாய்டு வந்தப்பகூட டாக்டர் முட்டை சொன்னார்டி. முடியாதுன்னுட்டா." கண்களைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கப் பார்த்தாள். "சச் போலூம்? நிஜத்தைச் சொல்லட்டுமா? உன்னப் பார்த்தா பொறாமையா இருக்கு."

அசடே, அழாதே, நீ வந்தால் உனக்கும் தருவார் என்று ஏதேதோ சமாதானம் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவள் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள். பிறகு பால்கனிக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டேன். நோய் வந்ததிலிருந்து எனக்கு அப்படிப் பசித்ததே இல்லை.

"மாமி, நாளையிலேர்ந்து ரெண்டா வெச்சிடுங்க" என்றேன்.