கத்தி நிற்கிற இடம்

அக்காவின் வீட்டுக்காரர் காதோரம் நுரை பூசிச் சவரக்கத்தியை எடுத்ததும், அக்கா குளியலறை வாசலில் நின்று, சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்கும் விண்ணப்பத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார். எந்த வாக்கியம் புரியாமல் கத்தி நிற்கிறதோ அந்த வாக்கியம் தேறாது. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். சூப்பர் கம்ப்யூட்டர் வட்டமா சதுரமா என்றுகூடத் தெரியாது. அதனால்தான் அவர் கத்திமேல் அக்காவுக்கு அத்தனை நம்பிக்கை.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘எதுக்கு அக்கா’ என்று பெயர். விண்ணப்பத்தில் யார் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் பென்சிலால் ‘எதுக்கு?’ என்று போட்டுவிடுவார். ‘மகத்தான’, ‘புரட்சிகரமான’ எல்லாம் கண்ணில் பட்டால் அடி விழும். “இதையெல்லாம் மேடையில பேசிக்கோங்க. எத்தனை மணி நேரம் வேணும், அந்தக் கணக்கு எப்படி வந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்பார்.

இந்த முறை விண்ணப்பம் அவருடையதே. கனமழையில் மலை எந்தப் பக்கம் சரியும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு. ஆய்வுக்கூடத்துக் கணினிகள் அதற்குப் போதாது. பல இயந்திரங்களைக் கோத்த சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கேட்டதற்கு, தகுந்த ஆதாரம் இல்லையென்று போன வருடம் மறுத்துவிட்டார்கள். இதுவும் போனால் குழுவையே கலைத்துவிடுவார்கள். இன்று கடைசி நாள், அதுவும் மதியம்வரைதான்.

காலையில், இயந்திரங்களைக் கூட்டக் கூட்ட வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று காட்டும் படத்தைப் பற்றிப் படித்தபோது கத்தி நின்றது.

“இவ்வளவு வேகமாக் கணக்குப் போடுதே, போட்ட விடையெல்லாம் எங்க எழுதி வைக்குது?”

அக்காவுக்குத் திக்கென்றது. சோதனை சட்டென்று முடியட்டும் என்று, விடைகளைச் சேமிக்கும் பகுதியை அவரேதான் அணைத்து வைத்திருந்தார். திரும்ப இயக்க மறந்துபோனார். படத்தில் கோடு அவ்வளவு அழகாக ஏறியதே அதனால்தான். ஊருக்கெல்லாம் ‘எதுக்கு?’ போட்டவர் தன் படத்துக்குப் போடவில்லை.

ஓட்டமும் நடையுமாக ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சோதனையை மறுபடி ஓட்டினார். சேமிப்போடு ஓடியபோது கோடு பாதியிலேயே படுத்துக்கொண்டது; அதற்குமேல் எத்தனை இயந்திரம் சேர்த்தாலும் வேகம் கூடவில்லை. குழுத்தலைவர் பின்னால் நின்று பார்த்தார்.

“ஏம்மா, பழைய படமே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

“தெரியாது சார். நேரமும் குடுத்துடுவாங்க. பாதிக் கணக்குல அது தீர்ந்துடும். அப்புறம் எந்தப் பக்கத்து ஜனங்களைக் கிளம்பச் சொல்றது?”

“இதைப் பார்த்தா குடுக்கவே மாட்டாங்க.”

“அதுவும் நடக்கலாம் சார்.”

அக்கா புதிய படத்தையே போட்டார். கோடு படுக்கிற இடம்வரைக்கும் இயந்திரங்கள் இருந்தால் போதும், அதற்குமேல் வீண் என்று அதன் கீழே எழுதினார். இரண்டு மலைகளுக்குக் கேட்டிருந்த நேரம் இனி ஒன்றுக்குத்தான் போதும் என்பதால், அடிவாரத்தில் வீடுகள் உள்ள மலையை மட்டும் வைத்துக்கொண்டார். தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கெடு முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் நுரையைப் பூசிக்கொண்டு, “அதான் அனுப்பிட்டியே, இன்னும் எதுக்கு வாசல்ல நிக்கற?” என்றார்.

முடிவு வர மாதக்கணக்காகும். அக்கா, படுத்துக்கொண்ட கோட்டுக்குக் கீழே எழுதியதைப் படித்தார். கண் தாளில் இல்லை, கத்தியில் இருந்தது. கத்தி காதோரத்தில் தொடங்கித் தாடைவரை நிற்காமல் இறங்கியது. அதன் பிறகுதான் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.