கடிக்கத் தெரியாத குட்டி

கல்யாணமான மறுவருஷமே நானும் என் வீட்டுக்காரரும் ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த எங்கள் தோட்டத்துக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டோம். கிணற்றை ஒட்டி நாங்கள் குடியிருக்க ஓலை வேய்ந்த ஒரு சாளை, அதன் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, சில வெள்ளாடுகள். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. பகலெல்லாம் அவர் காட்டு வேலையில் இருப்பார். ஒரு நாய் இருந்தால் தேவலை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த ஐப்பசியில் பெய்த மழையில் எங்கள் சோளத்தட்டுப் போருக்கு அடியில் குட்டி போட்டிருந்த ஒரு தெருநாயின் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காலையில் தட்டு உருவப் போனபோது ஒரே ஒரு குட்டிதான் உயிரோடு கிடந்தது. கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. தாய் ஒருநாள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எங்கோ போய்விட்டது. வெள்ளாட்டுப் பாலில் துணித்திரியை நனைத்து நனைத்து ஊட்டி நான்தான் அதைப் பிழைக்க வைத்தேன். செவலை நிறம், நெற்றியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

நன்றாகத்தான் வளர்ந்தது. பல் முளைத்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. விளையாட வரும், வந்தவுடன் கடிக்கும். எல்லாக் குட்டியும் கடிக்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் அப்பா வீட்டில் நாய்கள் இருந்தன. ஆனால் இது கடித்தால் வேலமுள் ஏறிய மாதிரி இருக்கும். வாலை ஆட்டிக்கொண்டே கடிக்கும். ரத்தம் வந்தாலும் வாலாட்டல் நிற்காது. என் இரண்டு முன்கையிலும் எந்நேரமும் மஞ்சள் பற்றுத்தான். சேலைக் கொசுவத்தைக் கிழித்தது. அவர் கட்டைவிரலைக் கவ்வி இழுத்ததில் ஒருநாள் முழுக்க அவரால் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். மூக்கில் தட்டினேன். அதையும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் பாய்ந்தது. கையை வெடுக்கென்று இழுத்தால் துரத்திக்கொண்டு வந்தது. கட்டிப்போட்டால், அவிழ்த்துவிட்டதும் சேர்த்துவைத்துக் கடித்தது. அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கோபக்கார நாய் என்றால் ஒதுங்கிக்கொள்ளலாம். பிரியத்தோடு வந்து காயப்படுத்துகிற நாயை என்ன செய்வது? அப்போது எனக்கு மூன்று மாதம். கைக்குழந்தை வரப்போகிற வீட்டில் இதை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலை வேறு.

தை மாதம் ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் காதைக் கடித்துக் கிழித்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுச் சொன்னார்.

"சந்தைக்குப் போறப்ப அங்க எங்காச்சும் உட்டுட்டு வாரேன். இது நம்முளுக்கு ஒத்து வராது புள்ள."

மறுக்க என்னிடம் காரணம் இல்லை. அதை மடியில் வைத்து வளர்த்தவள் என்பதால் மனசுதான் கேட்கவில்லை.

அதற்குள் கடலைக்காய் பிடுங்கிய காட்டில் உரத்துக்காகப் பட்டி போட ஆட்டுக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். புருஷனும் பெண்சாதியும். பகலில் ஆடுகளை மேய்த்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் மூங்கில் படலுக்குள் அடைப்பார்கள். அவர்களோடு ஒரு கறுப்புப் பெட்டைநாயும் அதன் மூன்று குட்டிகளும் வந்திருந்தன. குட்டிகளுக்கு எங்களுடையதன் வயதுதான் இருக்கும்.

எங்கள் குட்டி அவற்றைக் கண்டதும் குதித்துக்கொண்டு ஓடியது. பிறந்ததிலிருந்து தன் இனத்தைப் பார்த்ததே இல்லை. போன வேகத்தில் ஒன்றின் காதைக் கவ்வியது. அது வீறிட்டு அலற, தாய்நாய் பாய்ந்து வந்து எங்கள் குட்டியின் மூஞ்சியை மொத்தமாகத் தன் வாய்க்குள் வாங்கித் தரையோடு அழுத்திவிட்டது. செத்தது என்று நினைத்து நான் தடியோடு ஓடினேன். ஆட்டுக்காரரின் பெண்சாதி கையை நீட்டி என்னை மறித்தாள்.

"அடிக்காதீங்க அம்மிணி. பல்லு படலீங்க, பாருங்க."

தாய்நாய் விட்டதும் குட்டியைத் தூக்கிப் பார்த்தேன். மூஞ்சியெல்லாம் எச்சில்தான். ஒரு கீறல்கூட இல்லை. அத்தனை பெரிய நாய், அவ்வளவு ஆவேசமாக வந்து கவ்வியது. பல் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஆனால் தாய்நாயின் அதட்டலைவிட, பிறகு நடந்ததுதான் எங்கள் குட்டியை மாற்றியது என்று நினைக்கிறேன். மற்ற மூன்றும் இதை விட்டுவிட்டுத் தங்களுக்குள் விளையாடப் போய்விட்டன. இது கிட்டப் போனால் எழுந்து வேறு இடத்துக்குப் போயின. எங்கள் குட்டி வெகுநேரம் வரப்பில் தனியாகப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஆட்டிக் கூப்பிட்டது. ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் புரண்டன. இது மறுபடி அழுத்திக் கடித்தது. அது கத்திவிட்டு எழுந்து போனது. ஆட்டம் அத்தோடு நின்றது. இது புரியாமல் நின்றுகொண்டிருந்தது.

நான் அந்த நாட்களில் களத்தில் உட்கார்ந்து பிடுங்கிய கடலைச் செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை வேலையில் இருந்தாலும் கண் அங்கேதான். குட்டிகள் உறுமுவதைக் கேட்டால் குடலை உருவிவிடும் போலிருக்கும். ஆனால் பெரிய குட்டி சின்னதற்காகத் தானே மல்லாந்து விழும். கீழே கிடந்தது எழுந்து மேலே ஏறும். கழுத்தைக் கவ்வும், கவ்விய இடத்தில் மயிர்தான் நனைந்திருக்கும். வலித்தால் கத்துவது, கத்தினால் விடுவது, விடாதவனோடு விளையாட மறுப்பது. சட்டம் அவ்வளவுதான். நான் தட்டியும் கட்டியும் பார்த்தேனே தவிர, ஒருதரம்கூட விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போகவில்லை. போயிருந்தாலும், வலி என்பது என்னவென்று திருப்பிக் கடித்துக் காட்ட என்னால் ஆகியிருக்காது. எங்கள் குட்டியின் காதையும் மற்றவை கடித்தன. அப்போது அதுவும் கத்தியது.

பல் தினவுக்குத்தான் குட்டிகள் கடிக்கின்றன என்றும், வேட்டை பழகத்தான் என்றும் பலர் சொல்வார்கள். அதுவும் இருக்கலாம். நான் பார்த்தது இதைத்தான்.

பட்டி எங்கள் காடு முழுக்க மாறி மாறிப் போட்டு முடிவதற்குள், எங்கள் குட்டி ஆட்டத்தில் நடுநாயகமாகிவிட்டது. அவர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒருநாள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவரின் விரலைக் குட்டி வந்து கவ்வியது. கையை உதறப் போனவர் அப்படியே நிறுத்தினார். விரலை எடுத்துப் பார்த்தார். பிறகு அதன் வாயைப் பிளந்து உள்ளே பார்த்தார்.

"ஏம்புள்ள, இதுக்குப் பல்லு உழுந்துருச்சா?"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் சந்தைப் பேச்சை அதற்குப்பின் எடுக்கவில்லை.

ஆட்டுக்காரர்கள் புறப்பட்ட அன்று, குட்டி பட்டிக்கு நன்றாகப் பழகிவிட்டது, கொடுத்தால் கூட்டிப்போகிறோம் என்று கேட்டார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது எங்கூட்டு நாயிங்க," என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் குழந்தைகள் மூன்றும் அந்த நாயின் காதைப் பிடித்து எழுந்துதான் நடை பழகின. ஒருமுறை அந்தி நேரத்தில் ஆட்டுக் கொட்டிலுக்கு வந்த நரியை அது கடித்த கடியில் நரி காட்டுக்குள் போய்ச் செத்துக் கிடந்தது. அதனால், அதற்குக் கடியே மறந்துபோய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகச் சண்டைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கு ஊரே அலைந்த வருஷங்களில், அதற்கு வயதாகிவிட்டது. அவர் எங்கிருந்தோ ஒரு புதுக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அது கிழட்டு நாயின் வாலையும் தாடையையும் பிடித்துத் தொங்கும். இது மல்லாந்து படுத்துக் கொடுக்கும். மிஞ்சிப் போனால் ஒரு உறுமல் உறுமிவிட்டு, எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். குட்டி கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு, மெதுவாக அந்தப் பக்கம் போகும்.