கிளுவை வேலியில் நாங்கள் போட்ட ஓட்டை

மே மாதக் கடைசி சனிக்கிழமை வேலந்தாவளம் போய் வந்தேன். சிறுவயதுத் தோழி செல்வி போனில் சொன்னதுதான் காரணம். எங்கள் காட்டுக்கும் அவள் காட்டுக்கும் நடுவே கிளுவை முள்வேலி. அதிலிருக்கும் ஓட்டை வழியாக எங்கள் குத்தகைக்காரரின் ஆடுகள் புகுந்து, அவள் நிலக்கடலையை இரண்டு முறை மேய்ந்துவிட்டன. மழைக்குள் அடைக்காவிட்டால் வேலியையே பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டப்போவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

ஓட்டையைப் போட்டவை ஆடுகள் அல்ல. எட்டு வயதில் நாங்கள் இருவரும் குனிந்து குனிந்து போய்வந்ததில் உண்டானது அது.

கோவை உக்கடத்தில் காலை 6.40 பஸ். 28 ரூபாய், ஒரு மணி நேரம். இறங்கி மூன்று கிலோமீட்டர் ஆட்டோ, 80 ரூபாய். என் கையிலிருந்த பச்சை நைலான் சுருளைப் பார்த்த ஓட்டுநர், "ஏனுங்க, கயித்த வாங்கிட்டுத்தான் மாடு வாங்கப் போறீங்களாக்கு?" என்றார்.

செல்வி அதற்கு மேல். "ஏம்புள்ள, இத்தன படிச்சுப்போட்டு இந்தக் கயித்தயா கொண்டாந்தே?" நைலான் மக்காது, தண்டு பருக்கும்போது பட்டையை அறுத்துவிடும் என்றாள். பனைமட்டை நார்தான் சரி. நடுகிற கிளைத்துண்டான போத்து வேர்பிடித்து நிற்கும் காலத்தில் அது தானே இற்று விழுந்துவிடும். விரல் தடிமன் போத்து காய்ந்துபோகும், மணிக்கட்டுத் தடிமன் வேண்டும். நான்கு நாள் முன்பே வெட்டி நிழலில் போட்டு, அடிப்பக்கத்தை மட்டும் சாய்வாகச் சீவி வைத்திருந்தாள். இரண்டில் சீவ மறந்திருந்தாள். அந்த இரண்டையும் நான் தலைகீழாக நட்டேன். கணுவைத் தடவிப் பார்த்துவிட்டு, பிடுங்கித் திருப்பினாள்.

முட்டுக்குப் பிளந்த மூங்கில் பிளாச்சு. இரு பக்கத்துப் பழைய கிளைகளை அடியில் பாதி வெட்டி, ஒடியாமல் சாய்த்துப் பின்னி, பிளாச்சோடு கட்டினோம். பதினொரு மணிக்குக் கடைசிப் போத்து மட்டும் பாக்கி. நான் எங்கள் பக்கம், அவள் அவள் பக்கம். ஓட்டை வழியாக மோர்ச் சொம்பை நீட்டினாள். சொம்பு நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. குடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"நட்டுப்போடட்டுமா?"

"நடு" என்றேன்.

அவள் வீட்டுக்காரர் வந்து வேலியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கம்பிக்காரரிடம் வேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

கிளுவை நட நினைப்பவர்கள் முதல் மழைக்கு முன் நட்டுவிடுங்கள். நாரை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் முடிச்சு வழுக்காது. நைலான் வேண்டாம், என்னுடையது இப்போது செல்வி வீட்டில் துணி காய்கிற கொடி.

செல்வி வீட்டுக்கு ஓட்டை வழியாக இருபது அடி. ரோட்டு வழியாக 700 மீட்டர், பத்து நிமிட நடை. சாப்பிடக் கூப்பிட்டபோது பழக்கத்தில் வேலியருகே போய்க் குனிந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. "சுத்தி வா புள்ள."