எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராததற்கு நான் சொன்ன ஸ்தோத்திரம்

போன கிறிஸ்துமஸ் அன்று, பகல் பன்னிரண்டு இருபதுக்கு என் மகள் எஸ்தர் வீட்டை விட்டுப் போனாள். காரணம் நான்தான்.

மலேசியாவில், சிகாமட்டில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. இரண்டு நாள் மழையில் ஆறு ஏறி, கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சபையார் சிலரைச் சாப்பிட அழைத்திருந்தோம். எங்கள் வீட்டு வழக்கப்படி, சாப்பிடும் முன் ஒவ்வொருவரும் எழுந்து, அந்த வருடம் கிடைத்த ஒரு நன்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"எங்க வீட்டுக்குள்ள தண்ணி வராம காத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

"அப்ப கீழ உள்ளவங்க வீட்டுக்கு யாரும்மா அனுப்புனது?" என்றாள் எஸ்தர்.

"நன்றி சொல்ல இஷ்டமில்லன்னா சாப்பிடாத" என்றேன், அத்தனை பேர் முன்னால், இருபது வயதுப் பெண்ணிடம்.

"வருஷா வருஷம் அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடப் பைய தலையில வச்சிக்கிட்டு ஓடுதுங்க. அப்படி ஓடத் தேவையில்லாத ஒரு ஊரக் கேட்டு ஜெபம் பண்ணுங்க. நானும் ஆமென் சொல்றேன்."

அடுப்படியிலிருந்த பிரியாணிச் சட்டியைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குப் போய்விட்டாள்.

ஒரு மணிக்கு, கீழே போகும் பாலத்துச் சாலை மூடப்பட்டது. அவள் கைப்பேசி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அடிக்கவுமில்லை. பார்த்துவரப் போன என் கணவரைப் போலீசார் பாதி வழியில் திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் ஒரு காரை இழுத்துப் போனதை யாரோ பார்த்தார்களாம். என்ன நிறம் என்று தெரியவில்லையாம்.

"கவலப்படாதீங்க சிஸ்டர், ஆண்டவர் பாத்துக்குவார் லா" என்றார் சபையின் மூத்த சகோதரர். பிறகு மனைவி பக்கம் குனிந்து, "பிரியாணியயும்ல கொண்டு போயிட்டா" என்றார். என் காதில் விழுந்தது. அந்த மனிதரை வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் என்ன, நான் என்ன?

குளியலறைக் கதவைச் சாத்தினேன். மண்டியிடவில்லை. நின்றபடியே ஆண்டவரிடம் கத்தினேன். "என் வீடு மேட்டில் இருக்கிறது என்பதற்கா உமக்கு இத்தனை வருடம் நன்றி சொன்னேன்? நீரும் வெட்கப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தீரா? என் பிள்ளையைத் தாரும். அவள் கேட்ட ஊரையும் தாரும்." முதல் முறையாக, வாய்ப்பாடம் இல்லாமல் ஜெபித்தேன்.

பதில் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நன்றி சொல்லும் வழக்கத்தை நாங்கள் விடவில்லை. இனி நன்றி சொல்பவர், அதே நன்மை கிடைக்காத ஒருவரின் பெயரையும் சொல்லி, அவருக்காகத் தான் செய்யப் போவதையும் சொல்ல வேண்டும். நான் லைன் வீடுகளுக்கு வடிகால் கேட்டு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் கோபம் இருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் கொண்டு போங்கள். அவர் தாங்குவார். நம்பிப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"டீச்சர், உங்க மக காரு தண்ணியில போச்சு. லைன் பொம்பளைங்கதான் ஜன்னல் வழியா இவள இழுத்தாங்க. முதல்ல சட்டிய வாங்குங்க, அப்பதான் வெளிய வருவேன்னு ஒரே அடம்!"

எஸ்தர் இறங்கினாள். உடம்பெல்லாம் சேறு. கட்டிப்பிடிக்கப் போன என்னைக் கை நீட்டி நிறுத்தினாள்.

"ம்மா, லாரியில லைன் வீட்டுக்காரங்க பதினாறு பேர் இருக்காங்க. உள்ள கூப்பிடவா, வேணாமா? இப்பவே சொல்லுங்க."