லேமினேசன் போட்ட ஈசிஜி

ஈசிஜி காகிதத்தின் தலைமாட்டில் மெஷினே ‘நார்மல்’ என்று அச்சடித்துக் கொடுத்தாலும் நான் நம்பமாட்டேன். அதற்கென்ன தெரியும்? அருப்புக்கோட்டையில் ஏழெட்டுக் கட்டில் போட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறேன். உனக்கு உன் நிழல் மேலேயே சந்தேகம் என்பார் என் வீட்டுக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டில் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தாலே போதும், கோடு நடுங்கி இதயமே படபடப்பதுபோலக் காட்டும். நர்ஸ் வலது கை வயரை இடது கையில் மாட்டிவிட்டால், நன்றாக இருக்கிற மனுஷனின் அலை தலைகீழாகத் தொங்கும்.

மெஷினை விடுங்கள், ஆட்கள் மட்டும் ஒழுங்கா? எங்கள் பக்கத்தில் நெஞ்சுவலி என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எல்லாம் வாய்வுதான். வாய்வு கையில் இறங்கும், முதுகில் ஏறும், தாடையைப் பிடிக்கும். ஒரு சோடாவைக் குடித்து ஏப்பம் விட்டுவிட்டு வீட்டிலேயே கிடப்பார்கள்.

அன்று காலை வந்தவரும் வாய்வு என்றுதான் ஆரம்பித்தார். திருச்சுழிப் பக்கத்து ஆள். ஐம்பதைத் தொடும் வயது, கனத்த உடம்பு. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஓடுகிற பிரைவேட் பஸ்ஸின் டிரைவர். பஸ் ஸ்டாண்டில் சனத்தை இறக்கிவிட்டு நேராக என்னிடம் வந்திருந்தார். காக்கிச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கூடவே அவர் மனைவி. மில்லுக்குப் போட்டுப் போகிற நீலக் கோட்டோடு, கையில் ஒயர் கூடையோடு நின்றாள்.

“ராத்திரி புரோட்டா தின்னேன் டாக்டரம்மா, அதான் நெஞ்ச அடைக்குது. ஒரு ஊசியப் போட்டு விடுங்க, போறேன். அடுத்த சிங்கிளுக்கு பஸ்ஸ எடுக்க நேரமாச்சு.”

ஆஸ்பிரினை மென்று தின்னக் கொடுத்துப் படுக்க வைத்தேன். நர்ஸை விலக்கிவிட்டு வயர்களை நானே மாட்டினேன். காகிதம் வெளியே வந்தது. கூர்மையாக எழும்ப வேண்டிய அலைகள் அகன்று, உச்சியில் பிளந்து நின்றன. இதயத்தின் இடது பக்கத்துக்குப் போகிற கரண்டுப் பாதை அடைபட்டால் இப்படித்தான் வரும். ஆனால் அந்த அடைப்பு எப்போது வந்தது என்பதைக் காகிதம் சொல்லாது. இன்றைக்கு வந்தது என்றால் மாரடைப்பு என்றுதான் பயப்பட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க இதயத் தசை சாகும். பழைய அடைப்பு என்றால் அந்த ஊசி வீண். வீணாய்ப் போனால்கூடப் பரவாயில்லை, மூளையில் ரத்தம் கசிந்து ஆளையே கொன்றுவிடலாம். பழைய ஈசிஜி ஒன்று இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடலாம்.

“இதுக்கு முன்னாடி ஈசிஜி எடுத்திருக்கீகளா?”

“இல்லவே இல்ல.” நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“என்ன இப்பிடிச் சொல்றீக? போன வருசம் மதுரையில எடுத்தோமே!” என்றாள் மனைவி. கூடையில் சோற்றுத் தூக்குக்கு அடியில் கையைவிட்டு ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு எழுத்து இல்லை.

ஈசிஜி காகிதம் சூடு பட்டால் கறுத்துப்போகும். எங்கள் ஊர்ச் சனத்துக்கோ லேமினேசன் என்றால் உயிர். பட்டா, மார்க் ஷீட், குலசாமி படம் என்று எதையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அடைத்து வைத்தால்தான் நிம்மதி. அப்படியே ஈசிஜியையும் அந்தச் சூட்டு மெஷினுக்குள் விட்டெடுத்து, கரிப்பலகையைப் பயபக்தியோடு என் மேஜையில் வைத்தவர்கள் எத்தனையோ பேர். தலையில் அடித்துக்கொள்வேன். கடை கடையாகப் போய்ச் சண்டையும் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் கடைக்காரர்களே வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம் இது எப்படி உள்ளே போனது? அதைவிட, மில்லுக்குக் கிளம்பியவள் இந்த அட்டையைச் சோற்றோடு எதற்குச் சுமக்கிறாள்?

“லேமினேசன் யாரு போட்டது?”

“இவுகதான். பத்திரமா இருக்கும்னு சொல்லி இவுகளே கொண்டுபோயிப் போட்டாக.”

காக்கிச் சட்டையைப் பார்த்தேன். சுருக்கென்றது. கண்டக்டர் மெஷினில் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டும் இதே ரகக் காகிதம்தானே. இஞ்சின் மூடிமேல் கொஞ்ச நேரம் கிடந்தால் கறுத்துவிடும். நாள் முழுக்க இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கா இது தெரியாது?

மனைவியை மாத்திரை வாங்க வெளியே அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“ஏன்யா, தெரிஞ்சேதான கருக்குனீக?”

அவர் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்.

“இங்க பாருங்க. நீங்க பொய் சொன்னா நான் தப்பான ஊசியப் போட்டுருவேன். போய்ச் சேந்துருவீக. உங்க மொதலாளிக்கு நாளைக்கே வேற டிரைவர் கிடைப்பான்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பழசுதான் டாக்டரம்மா. இடது பக்கம் அடைப்பு, இனிமே வண்டி ஓட்டக்கூடாதுன்னு மதுரையிலயே சொல்லிட்டாக. வெளிய நின்ன இவகிட்ட ஒண்ணுமில்லன்னுட்டேன். கிழிச்சுப்போட்டா ஏன்னு கேப்பா. கடைக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் பரவாயில்ல போடுப்பான்னேன். ஸ்டீயரிங்க விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

அழுதுவிட்டால் நம்பிவிட முடியுமா? பழசு என்று நான் ஒத்துக்கொண்டால் ஊசி இல்லை, மதுரைக்கு அனுப்புவதும் இல்லை, மத்தியானமே வண்டியை எடுத்துவிடலாம். அந்த ஆசையிலும் பழசு என்பார். ஒரு வருஷமாகப் பெண்டாட்டியையே ஏமாற்றியவர், என்னை ஏமாற்ற எவ்வளவு நேரமாகும்? வலி இன்னும் விடவில்லை. ரத்தத்தை எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அவர் மனைவியிடமே கேட்டுவிடலாம் என்று வாசலுக்கு ஓடினேன்.

மருந்துக்கடைப் படியில் அவள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்காகவே காத்திருந்ததுபோல நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனை நீட்டினாள். அதே ஈசிஜியின் போட்டோ. கறுப்பதற்கு முன்னால் எடுத்தது.

“அவுக குளிக்கப் போன நேரம் சட்டைப் பையில இருந்து எடுத்து, போட்டோ பிடிச்சுட்டு வச்சுட்டேன்.”

போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். மேலே அவர் பெயரும் வயதும் தெளிவாக இருந்தன. அப்படியும் மனசு ஆறவில்லை, இன்னொரு ஈசிஜி எடுத்தேன். ஒவ்வோர் அலையாகப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தேன். அதே அகலம், அதே பிளவு. பழசுதான். அப்பாடா! ஊசியைப் போடாமல் திருப்பி வைத்துவிட்டேன். ரத்தத்திலும் மாரடைப்புக்கான அறிகுறி இல்லை. என்றாலும் வலியோடு வைத்திருக்கப் பயந்து, மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னேன். “இனி ஸ்டீயரிங்கத் தொடக்கூடாது” என்றதும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது.

அவரை ஏற்றும்போது அவளைத் தனியே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

“கையில போட்டோவ வச்சுக்கிட்டு உள்ளயே ஏம்மா காட்டல?”

“அவுக முன்னால எடுத்தா அவுகளுக்கு அசிங்கமில்லையா? கறுத்துப்போன அட்டையப் பாத்தா நீங்களே கேட்டுப் புடிச்சுருவீகன்னு நெனச்சேன். என்னைக்காச்சும் ஒரு டாக்டரு கேப்பாகன்னுதான் கூடையிலயே வச்சிருந்தேன்.”

“அடைப்புன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே. மில்லு நர்ஸம்மாகிட்டப் போட்டோவக் காட்டிக் கேட்டுட்டேன். அன்னைல இருந்து மில்லு வண்டிய விட்டுட்டு அவுக பஸ்ஸுலதான் வாரேன். அவுக சீட்டுக்குப் பின்னாலயே ஒக்காந்துக்கிருவேன். தல சாஞ்சா ஸ்டீயரிங்கப் பிடிச்சுறலாம்ல.”

“ஒனக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“அடிப்பாவி! எத்தன சனம் ஏறுற பஸ்ஸு! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகல்லாம் வருதே, அத நெனச்சியா?”

ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்தபடி அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நெனச்சேன் டாக்டரம்மா. எம்மகளும் அதுலதான் பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்தா. அவள மட்டும் வேற பஸ்ஸுக்கு மாத்தி விட்டுட்டேன்.”