ஒரு கையெழுத்து குறைந்த மனு

நோரீன் திபோவை நான் முதலில் பார்த்தது ஒரு ஜனவரி வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கெட்டில் புரூக் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அப்பா இரண்டு மலை தாண்டி ஒரு பண்ணையில் மாடு கறக்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனவன், கேட்காமலே என் பட்டத்தைப் பற்றியும் சொல்லிவைத்தேன்.

"சந்தோஷம் தம்பி. விலாசத்துக்கு என்ன கொண்டாந்திருக்கே?" என்றார் ஊர் எழுத்தரான நோரீன்.

கரன்ட் பில்லைக் கொடுத்தேன். வலது கையைத் தூக்கச் சொன்னார். யாருக்கும் பயப்படாமல், யாருக்கும் சலுகை காட்டாமல் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவேன் என்று உறுதிமொழி வாங்கினார். கையை இறக்குவதற்குள் கதவு திறந்தது. பூட்ஸெல்லாம் பனியாக, கைத்தடி ஊன்றி அவருடைய தம்பி ஆர்மண்ட் வந்து மேஜையில் ஒரு தாளை வைத்தார்.

"முப்பத்தொண்ணு இருக்குக்கா. இருபத்தெட்டு போதும்ல?"

ஆர்மண்டின் வீடு ஸ்பூனர் மலைச் சாலையின் கடைசியில் இருக்கிறது. அந்தக் கடைசி ஒரு மைல் நான்காம் வகுப்புச் சாலை. குளிர்காலத்தில் ஊர் வண்டி அதில் பனி தள்ளாது. இத்தனை வருஷமும் அவரே டிராக்டரில் தள்ளிக்கொண்டிருந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபின் டிராக்டரில் ஏற முடியவில்லை. அவர் மனைவி வெர்னாவுக்கோ வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரிப் பக்கம் குடிபோய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெர்னா வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். ஊரை நிர்வகிக்கும் மூவர் குழு, ஒருத்தருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று கைவிரித்தது. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் இதை ஓட்டுக்கு விட வைக்க ஒரே வழி, ஊர் வாக்காளர்கள் இருபத்தெட்டு பேர் கையெழுத்திட்ட மனு. அது அன்று ஐந்து மணிக்குள் வந்தாக வேண்டும்.

நோரீன் பட்டியலை விரித்து, அடிக்கோலை வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். ஐந்து இடத்தில் பென்சில் நின்றது.

"ஏன்டா, விட்டேக்கர் குடும்பத்துக்கு இங்க ஓட்டு இருக்கா?"

"நாப்பது வருஷமா பக்கத்து வீடுக்கா அவங்க! கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப நாலு பேரும் போட்டாங்க. எதிர்வீட்டு அம்மாவும் போட்டுச்சு."

"அஞ்சும் கோடைக்கும் லீவுக்கும் மட்டும் வர்றவங்க. வீடு இங்க, ஓட்டு கனெக்டிகட்ல. இருபத்தாறுதான் இருக்கு."

நான் தொண்டையைச் செருமினேன். "நான் போடலாமா?"

நோரீன் என் பெயரைப் பேனாவால் பட்டியலில் சேர்த்தார். மை காயும்வரை காத்திருந்து, "இப்ப போடு" என்றார். இருபத்தேழு.

"நீ ஒண்ணு போடுக்கா. முடிஞ்சுது."

"சரிபாக்குறவளே நான். நானே போட்டு நானே சரிபாக்கவா?"

சட்டத்தில் அப்படித் தடை எதுவும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். நான் எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். கடைக்காரம்மா அடுத்த ஊர். காப்பி குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் கனடாக்காரர். திரும்பி வந்தபோது நோரீன் தாளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்: 'போதுமான கையெழுத்து இல்லை'.

"சொந்தப் பொண்ணோட கல்யாண லைசென்ஸுக்கே கட்டணம் விடாம வாங்கினவதானே நீ," என்று ஆர்மண்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். நோரீன் ஜன்னல் வழியாக அவர் பாதுகாப்பாக வண்டியில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்கூட்டம் மார்ச் முதல் செவ்வாய். செவ்வாய் வெர்னாவின் டயாலிசிஸ் நாள். பள்ளிக்கூடத்தில் ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, பேச வேண்டிய ஆர்மண்ட் நாற்பது மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் இருந்தார். எல்லாத் தீர்மானமும் முடிந்து, மதியச் சாப்பாட்டின் பீன்ஸ் வாசனை வந்துவிட்டது. 'இதர விஷயங்கள்' என்றார் கூட்டத் தலைவர். அதில் எதையும் பேசலாம். ஆனால் எடுக்கிற ஓட்டு யாரையும் கட்டுப்படுத்தாது.

நோரீன் பேனாவை மூடினார். "நான் வாக்காளரா பேசணும். அதுவரைக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேற ஆள் வேணும்."

"காலேஜ் படிச்ச பையன் இருக்கான்ல, எழுதட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். அதற்கும் முன்மொழிந்து வழிமொழிந்து கைதூக்கி என்னை நியமித்தார்கள்.

நோரீன் மேஜையைச் சுற்றி வந்து எங்களோடு நின்றார். எழுத்தராக இருந்த முப்பத்தொரு வருஷத்தில் அதுதான் முதல்முறை.

"நாய்க்கு லைசென்ஸ் எடுக்கலேன்னு அபராதம் போட்டவ, இப்ப நம்மகிட்ட கேக்க வந்துட்டா!" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

"நாய் நல்லாருக்கா, வெண்டல்?" என்றார் நோரீன். "ஜனவரில ஒரு மனுவைத் திருப்பி அனுப்பினேன். ஒரு கையெழுத்து குறைஞ்சுது. நாளைக்குக் கொண்டாந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன். அதுக்காக அந்த ஒரு மைல்ல பனி கம்மியாவா விழுது? வெர்னா இப்ப மெஷின்ல படுத்திருக்கா. இன்னிக்கு எப்படிப் போனா தெரியுமா? விடியக்காலைல நானும் என் மகளும் மண்வாரியோட போய், பனி குவிஞ்ச இடத்தையெல்லாம் வாரிவிட்டோம். எனக்கு அறுபத்தாறு வயசு. எத்தனை நாள் வார முடியும்னு தெரியல."

மூவர் குழுவின் தலைவர் எழுந்தார். "ஒரு சாலைல பனி தள்ளினா இன்னும் நாலு சாலைக்காரங்க கேப்பாங்க நோரீன்."

"கேக்கட்டும். இங்க வந்து நின்னு, எல்லார் மூஞ்சியையும் பாத்துக் கேக்கட்டும். நானும் அப்படித்தானே நிக்கிறேன்?"

அந்த மைலில் பனி தள்ளலாம் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னார்கள். கூடம் முழுக்கக் கைகள். நான் எண்ணவில்லை, எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. குழுத் தலைவர் மட்டும் வெகுநேரம் திரும்பி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோரீன் வந்து என் தாளை வாங்கிப் படித்தார். 'தம்பி ஆர்மண்டுக்காக' என்றிருந்ததை அடித்து, 'ஸ்பூனர் மலைச் சாலைக் குடியிருப்போருக்காக' என்று எழுதினார். 'கண்கலங்கினார்' என்ற சொல்லையும் அடித்தார்.

"நிஜமா கலங்கினீங்களே," என்றேன்.

"அது நடவடிக்கைக் குறிப்புல வராது தம்பி. போய்ச் சாப்பிடு, பீன்ஸ் தீந்துரும்."

அடுத்த திங்கட்கிழமை மூவர் குழு கூடி, அந்த மைலில் இனிக் குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளுவதென்று முடிவெடுத்தது. இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார்.

நோரீனுக்கு இப்போது அறுபத்தெட்டு. இந்த மார்ச்சிலும் அவரையே எழுத்தராகத் தேர்ந்தெடுத்தோம். அலுவலகம் திங்கள், செவ்வாய், வியாழன் திறந்திருக்கும். ஆர்மண்டும் வெர்னாவும் அதே வீட்டில் இருக்கிறார்கள்.