சேனாபதியின் மூன்றாவது சனிக்கிழமை

சேனாபதிக்கு ஆபீஸில் கீழே வேலை பார்ப்பவர் ஒருவரும் கிடையாது. லாங் வீக்கெண்ட் வந்தால் ஆறு குடும்பங்கள் உண்டு.

பொள்ளாச்சிக்காரர். மில்பிடாஸில் சிப் டெஸ்ட் பண்ணும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் அவர் பயிற்சி கொடுத்த பையனிடம் போய் உட்கார்ந்தது. அவர் அதற்காக யாரையும் திட்டியதில்லை. பதிலுக்கு டூர் ஏற்பாடு செய்தார். எந்தக் காட்டேஜில் எத்தனை பர்னர், எந்த எக்ஸிட்டில் சுத்தமான பாத்ரூம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வேனின் பின்பக்கம் பத்து கப் ரைஸ் குக்கர் இரண்டு, கூல் பாக்ஸில் இட்லி மாவு, ஒரு டின் பருப்புப் பொடி. கலிஃபோர்னியாவின் கரடிகளுக்கு இந்நேரம் புளியோதரை வாசனை பழகியிருக்கும்.

இந்தச் சாம்ராஜ்யம் ஆட்டம் கண்டது போன கோடையில். நண்பர் வட்டத்து விசாலாக்ஷி ஆன்ட்டி வீட்டு விருந்தில் யாரோ சேனாபதியின் மனைவி சாந்தாமணியிடம், “யோசெமிட்டி எப்படி இருந்துச்சு?” என்று கேட்டு வைத்தார்கள்.

“கரண்ட் காயில் ஸ்டவ்வுங்க. நாலு பர்னர். ஒண்ணு வேலை செய்யல” என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். சேனாபதியும் சிரித்தார். சாந்தாமணி சிரிக்கவில்லை. “நெசமாத்தானுங்க. அருவி எந்தப் பக்கம் விழுகுதுன்னு இன்னும் எனக்குத் தெரியாது. கிராண்ட் கேன்யன்ல கேஸ் அடுப்பு. டாஹோல இண்டக்‌ஷன்.”

அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் சேனாபதி இண்டிகேட்டர் போடாமலே லேன் மாறினார். மறுவாரம் ஆறு குடும்பங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே அறிவித்தார்: இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக, தாமதமானாலும், நாங்கள் இருவர் மட்டும். இரண்டு நாள். சாந்தாமணி கரண்டியைத் தொடப் போவதில்லை.

இடம் நாபா பக்கம். மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம், உச்சியில் கோட்டை. அந்தக் கோட்டையில் எந்த ராஜாவும் இருந்ததில்லை. ஒயின் விற்றுச் சம்பாதித்த ஒருவர் ஆசைப்பட்டுக் கட்டியது. அகழி உண்டு, தொங்குபாலம் உண்டு, எதிரிதான் இல்லை. அறுவடைக் காலம்தான் அழகு என்று படித்து அக்டோபர் முதல் வாரத்தில் புக் பண்ணினார். வானிலை பார்த்தார். டயரில் காற்று பார்த்தார். ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய தமிழ் காலண்டரை மட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காட்டேஜில் பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. சாந்தாமணியின் பட்டுப் புடவைக்கு அடியில் அரிசி, புளி, சுண்டல் கடலை, பச்சரிசி மாவு, வெல்லம், நெய், ஒரு சின்ன வெண்கலப் பானை, பெருமாள் படம்.

“ஏ அம்மிணி, ஹாலிடேக்கு வெல்லம் எதுக்கு?”

“நாளைக்குப் பொரட்டாசி மூணாவது சனிக்கிழமைங்க.”

சேனாபதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சாந்தாமணியின் பிறந்த வீட்டு வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல. மூன்றாவது சனிக்கிழமை பெருமாளுக்குச் சமைத்துத் தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, கோவிந்தா சொன்ன பிறகுதான் வாயில் பச்சைத் தண்ணீர். மாதம் முழுக்கக் கறி இல்லை, மது இல்லை. அந்த மாதத்தில்தான், அந்த நாளில்தான், ஐந்து வகை ஒயின் சுவைக்க அவர் முன்பதிவு செய்திருந்தார்.

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“அத்தன பேருகிட்ட சொல்லிப்போட்டு வந்து நிக்கிறீங்க. எப்பிடிங்க சொல்றது? ஒரு மணி நேர வேலைதானுங்க. காத்தால வெரசா எந்திரிச்சுப் பண்ணிப்போடறேன்.”

“நீ பண்ணக் கூடாது.”

“அப்ப சாமிக்கு யாரு பண்றது, கோட்டைக்காரனா?”

சேனாபதி அந்தச் சின்ன அடுப்பைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. இருபத்தைந்து வருடத்தில் அவர் தனியாகச் சமைத்தது நூடுல்ஸ் மட்டும். அதுவும் மகன் மகிழன் சாப்பிட மறுத்தது.

“நான் பண்றேன்” என்றார்.

காலையில் சாந்தாமணி குளித்து, பட்டுக் கட்டி, வராந்தா நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டாள். எதிரே திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக மலையேறின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. காது உள்ளே இருந்தது. கடுகு பொரியும் சத்தம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. வந்தபோது மொத்தமாக வந்தது. கூடவே புகை அலாரமும் அலறியது.

அவள் பாதி எழுந்துவிட்டாள்.

“உக்காரு! ஒண்ணுமில்ல!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், சேனாபதி ஸ்டூலில் ஏறி, வேட்டி நுனியால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார். சாந்தாமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. வியர்வை, மஞ்சள், பச்சரிசி மாவு எல்லாம் அப்பிய முகம். “சாந்தா, புளி சாதத்துக்கு உப்புப் போட்டனா?”

“எனக்கென்னங்க தெரியும்? நான் ஹாலிடேல இருக்கேன்.”

“ருசி பார்த்துச் சொல்லேன்.”

“சாமிக்குப் படைக்காம நாக்குல வெப்பாங்களா?”

அவர் வானத்தைப் பார்த்தார். பெருமாளிடமே கேட்பதுபோல் இருந்தது. பிறகு, போட்டிருந்தால் என்ன ஆவது, போடாவிட்டால் என்ன ஆவது என்று இரண்டு பக்கமும் யோசித்து, பாதிக் கரண்டி போட்டார். டெஸ்டிங் துறையில் பத்தொன்பது வருட அனுபவம் கைகொடுத்த ஒரே இடம் அது.

மாவிளக்கு ஒரு பக்கம் சாய்ந்து, நெய் தட்டெல்லாம் ஓடியது. திரி மட்டும் நின்று எரிந்தது. இருவரும் “கோவிந்தா” என்று மூன்று முறை சொன்னார்கள். சேனாபதியின் மூன்றாவது கோவிந்தாவில், பக்கத்துக் காட்டேஜ்காரர் காபிக் கோப்பையுடன் வெளியே வந்து, எல்லாம் நலமா என்று விசாரித்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் போனது.

புளி சாதத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. சாந்தாமணி முதல் கவளத்தை விழுங்கினாள். தயிர் சாதத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். மறுபடி புளி சாதமே போட்டுக்கொண்டாள். சேனாபதி ஒரு வாய் வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“வேண்டாம், விட்டுரு.”

“சும்மா இருங்க. பசிக்குது.”

மத்தியானம் கோட்டையில் ஒயின் ஊற்ற வந்த பெண்ணுக்கு, முழுப் பணம் கட்டிவிட்டு ஒரு சொட்டும் தொடாத ஜோடியைக் கண்டு ஒரே குழப்பம். அன்று காலையில் பிழிந்த, இன்னும் புளிக்காத திராட்சைச் சாற்றைக் கொண்டுவந்து வைத்தாள். சேனாபதி நான்கு டம்ளர் குடித்தார். உப்பு அவ்வளவு. சாந்தாமணி கோபுரப் படிகளில் தனியாக ஏறிப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள்.

மறுநாள் வீடு திரும்பும் வழியில் மகிழன் காரின் ஸ்பீக்கரில் வந்தான். “ஹௌ வாஸ் இட்ம்மா? வாட் டிட் யூ ஸீ?”

சாந்தாமணி கண்ணாடி வழியே பின்னால் போகும் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அடுப்பத்தாண்டா சாமி பாத்தேன். இந்த வாட்டி அதுக்கு முன்னால உங்கப்பா நின்னாரு.”

“கோட்டையச் சொல்லு, கோட்டையச் சொல்லு” என்றார் சேனாபதி. இண்டிகேட்டர் போட்டுத்தான் லேன் மாறினார்.